பூங்காவனத்தின் பங்கு

பெரம்பலூர்
17-1-1945

வேம்புவுக்கு ராசாங்கம் எழுதுவது.

நான் இங்கே சுகமாக இல்லை. நீ சுகமா என்று கேட்கும் மனநிலையிலும் இல்லை. குழந்தை எப்படி இருக்கிறாள் என்பதை மட்டும் உடனே எழுது.

மாட்டுப் பொங்கல் முடிந்த கையோடு திருச்சிக்குப் போய், கன்னியாஸ்திரீ மதர்மார் நடத்தும் விடுதியில் நம் பூங்காவனத்துக்கு ஓர் இடம் கேட்டு வாங்கிக்கொண்டு திரும்பினேன். பெட்ரோல் பஞ்சத்தில் கரி போட்டு ஓட்டும் பஸ் பாதி வழியில் நின்றுபோய், இறங்கித் தள்ளி, சட்டையெல்லாம் கரியாக வீடு வந்து சேர்ந்தால் கதவு சாத்தியிருக்கிறது. பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு அறுப்புக் கூட்டத்தோடு கொள்ளிடக் கரைக்குப் போய்விட்டாயாம். இதைப் பக்கத்து வீட்டார் சொல்லி நான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

நம் தெருவில் முதன்முதலாகப் பலப்பம் பிடித்து, அதே தெருவுக்குச் சர்க்கார் வைத்த பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக உட்கார்ந்தவன் நான். என் பெண்டாட்டி அரிவாள் எடுத்துக்கொண்டு கூலிக்குப் போனாள் என்று இப்போது ஊர் சிரிக்கிறது. சிரித்துவிட்டுப் போகட்டும். என் கவலை அது இல்லை.

பிள்ளைக்கு ஆறு வயது ஆகிறது. பிறந்தது முதல் கைகால் விறைத்தபடி. தானாக உட்கார முடியாது, வாயில் சொல் வராது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சுதான், ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பொன்குஞ்சை எத்தனை காலம் இடுப்பில் வைத்திருப்பாய்? நாம் இரண்டு பேரும் கண்ணை மூடிவிட்டால் அவளுக்கு யார் கஞ்சி ஊற்றுவார்? விடுதியில் அவளைப் போன்ற பிள்ளைகளுக்கு எழுத்துக்கூடக் கற்றுக்கொடுக்கிறார்கள். என் கண்ணால் பார்த்துவிட்டு வந்தேன். மாசி பிறப்பதற்குள் கொண்டுபோய் விட வேண்டும். தவறினால் அந்த இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும்.

எடுத்தேன் கவிழ்த்தேன் என்று நடக்காதே. இந்தக் கடிதம் கிடைத்ததும் அரியலூருக்கு வந்து பஸ் ஏறு.

ராசாங்கம்


திருமழபாடி, கொள்ளிடக் கரை
22-1-1945

பூங்காவனத்தின் அப்பாவுக்கு வேம்பு வணக்கத்துடன் எழுதிக்கொண்டது.

குழந்தை நன்றாக இருக்கிறாள். நீங்கள் கேட்டதை முதலில் எழுதிவிட்டேன். மற்றதைக் கோபப்படாமல் படியுங்கள். ஏலாக்குறிச்சிக் கோயில் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். பிழை இருந்தால் சிவப்பு மை போட்டுத் திருப்பி அனுப்பாதீர்கள்.

விடுதி விஷயத்தைப் பள்ளிக்கூடச் சூப்பர்வைசரிடம் சொன்னீர்கள், தபால்காரரிடம் சொன்னீர்கள். என்னிடம் சொல்லவில்லை. வெற்றிலைக் கடையில் யாரோ பேசியதைக் கேட்டுத்தான் எனக்குத் தெரிந்தது. அங்கே விட்ட பிள்ளையை வருஷத்துக்கு ஒரு தரம்தான் போய்ப் பார்க்கலாமாம். பெற்றவளைக் கேட்டால் அழுவாள், அழுதால் காரியம் கெட்டுவிடும் என்று நினைத்தீர்கள். நான் அழுதுகொண்டு உட்காரவில்லை, கிளம்பிவிட்டேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

இங்கே வந்த கதையைச் சொல்கிறேன். கூட்டத்தின் வழக்கம் உங்களுக்கே தெரியும். அறுப்புக்குப் போகும்போது கைக்குழந்தையைத் தவிர வேறு பிள்ளையைக் கூட்டிப் போகக் கூடாது. கூட்டத்தலைவர் கருப்பண்ண மாமா என்னைப் பார்த்ததுமே தலையில் கை வைத்தார். "புள்ளைக்குக் காவலா ஒரு ஆளு உக்காந்தா ஒரு அருவா போச்சேம்மா, கூட்டத்துக்கு என்ன பதில் சொல்லுவேன்" என்றார். நான் அவர் பின்னாலேயே நடந்தேன். வேண்டாம் என்று சொல்லவும் அவருக்கு மனம் வரவில்லை.

அரியலூர் தாண்டி ஒரு மரத்தடியில் சோறு பொங்கினோம். நான் பூங்காவனத்தை மடியில் சாய்த்து ஊட்டிக்கொண்டிருந்தேன். எதிரே உட்கார்ந்திருந்த இருசம்மாள் அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள், திடீரென்று சோற்றைக் கீழே வைத்துவிட்டு ஓவென்று அழுதாள். அவள் மகன் வெள்ளைச்சாமிக்குக் கண் தெரியாது. அவனை இடுப்பில் கயிறு போட்டுக் குடிசைக் காலில் கட்டிவிட்டு வந்திருக்கிறாள். கட்டாவிட்டால் கிணற்றுப் பக்கம் போய்விடுவானாம். பக்கத்து வீட்டில் வேளைக்குக் கஞ்சி ஊற்றச் சொல்லியிருக்கிறாள். அவள் அழுததும் கூட வந்த பெரியம்மாளும் வாயைத் திறந்தாள். வலிப்பு வரும் தன் மகளை ஓரகத்தியிடம் விட்டுவிட்டு வந்தாளாம், நெருப்புப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளக் காலில் விழாத குறையாகக் கெஞ்சினாளாம். இத்தனை வருஷம் சேர்ந்து அறுத்த பெண்கள், ஒருத்திக்கொருத்தி இதைச் சொல்லிக்கொண்டதில்லை.

அப்போது நான் சொன்னேன். ஒரு ஆள் பிள்ளைகளோடு இருக்கட்டும். தூளியில் கிடக்கும் குழந்தைகளையும் அவளே பார்க்கட்டும். பால் கொடுக்கவும் தொட்டில் ஆட்டவும் நாம் வயலுக்கும் மரத்தடிக்கும் அலையும் நேரம் மிச்சமாகும், அதில் அந்த ஒரு ஆளின் அறுப்பை மற்றவர்கள் அறுத்துவிடலாம். அவளுக்கும் அரிவாள் பிடித்தவளுக்குச் சமமாக முழுப் பங்கு கொடுக்க வேண்டும். கருப்பண்ண மாமா புகையிலையைத் துப்பினார். பிறகு, "செஞ்சு பாப்போம். கொறைஞ்சா எல்லாருக்கும் கொறையட்டும்" என்றார். அந்த மனுஷரை நான் முசுடு என்று நினைத்திருந்தேன்.

பெரியம்மாள்தான் காவல். வந்த அன்றைக்கே அவள் களத்தோரம் ஆற்று மணலில் ஒரு குழி தோண்டி, வைக்கோல் பரப்பி, பூங்காவனத்தை இடுப்பளவு இறக்கி, சுற்றி மணலை அணைத்துவிட்டாள். நான் பதறிப் போய் ஓடினேன். பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள். சாய்ந்தும் படுத்தும் மட்டுமே பார்த்த முகம், நிமிர்ந்து வயலையும் ஆற்றையும் ஆட்களையும் பார்க்கிறது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

ஒரு உதவி. இருசம்மாள் அக்கா கேட்கச் சொன்னாள். உங்களுக்குக் காலும் இருக்கிறது, பள்ளிக்கூடமும் இருக்கிறது. வெள்ளைச்சாமியை ஒரு எட்டுப் போய்ப் பாருங்கள்.

வேம்பு


பெரம்பலூர்
27-1-1945

வேம்புவுக்கு,

நான் கேட்டதற்குப் பதில் இல்லை, எனக்கு ஒரு வேலை மட்டும் வந்திருக்கிறது. சரி.

போனேன். அந்த வாசலைத் தாண்டித்தான் தினமும் பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன். உள்ளே ஒரு பிள்ளை இருப்பது எனக்குத் தெரியாது. ஆடு கட்டும் கயிற்றைப் போலக் கயிறு. பக்கத்து வீட்டார் வேளை தவறாமல் கஞ்சி ஊற்றியிருக்கிறார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. நான் குனிந்து முடிச்சை அவிழ்த்தபோது பயல் என் கையைக் கடித்துவிட்டான். திருடன் என்று நினைத்தானாம். வலது கை. இதை எழுதும்போதுகூட வலிக்கிறது.

பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார வைத்தேன். மற்ற பிள்ளைகள் முதல் நாள் சிரித்தார்கள். மறுநாள் அவன் வாய்ப்பாட்டை எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னான், தப்பும் தவறுமாக. யாரும் சிரிக்கவில்லை, திருத்தினார்கள். இப்போது கடைவீதி வரைக்கும் அவனைக் கை பிடித்துக் கூட்டிப் போக நான் முந்தி நீ முந்தி என்று சண்டை. பெரியம்மாளின் மகளும் நேற்று வந்துவிட்டாள். ஓரகத்தியே கொண்டுவந்து விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வேலைக்கு ஓடினாள். வலிப்பு வந்தால் என்ன செய்வது என்று கேட்டு வைத்திருக்கிறேன். உள்ளுக்குள் நடுக்கம்தான்.

இருசம்மாளிடம் சொல். கயிறு இப்போது பள்ளிக்கூடத்துக் கிணற்று வாளியில் இருக்கிறது.

இதையெல்லாம் வைத்து என் முடிவு மாறிவிட்டது என்று எண்ணாதே. ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று பழமொழி சொல்ல வராதே. அறுப்பு முடிந்ததும் கூட்டம் கலையும். அவரவர் வீட்டுக் கதவை அவரவர் சாத்திக்கொள்வார்கள். அப்புறம் நம் பிள்ளைக்கு யார்? நான் கேட்ட கேள்வி அப்படியே இருக்கிறது.

மணலில் குழி தோண்டி உட்கார வைத்ததை மூன்று தரம் படித்தேன். குளிர் ஏறாமல் பார்த்துக்கொள்ளச் சொல்.

ராசாங்கம்


திருமழபாடி
1-2-1945

பூங்காவனத்தின் அப்பாவுக்கு,

கயிற்றைப் பற்றி நீங்கள் எழுதிய வரியை இருசம்மாள் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள். பிறகு வயலில் இறங்கிவிட்டாள். அன்றைக்கு அவள் அறுத்த வேகத்துக்கு ஈடு கொடுக்க எங்களால் முடியவில்லை. உங்கள் கைக்கு மஞ்சளும் எண்ணெயும் வைத்துக் கட்டச் சொன்னாள்.

இங்கே ஒரு பெரிய காரியம் நடந்துவிட்டது. நெல் களத்துக்கு வந்த அன்று பண்ணையாரின் காரியக்காரர் முத்துசாமி மேற்பார்வைக்கு வந்தார். களத்து விளிம்பில் நம் பிள்ளை உட்கார்ந்திருப்பதைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். களத்தில் ஊனம் இருந்தால் பொலி குறையும், குவித்த நெல் நிலைக்காது, உடனே அப்புறப்படுத்து என்றார். அப்புறப்படுத்து என்ற சொல்லைக் கேட்டு என் உடம்பெல்லாம் கூசிப் போனது. நான் பிள்ளையைத் தூக்கக் குனிந்தேன். என் ஒருத்தியால் இத்தனை பேர் பிழைப்பில் மண் விழக் கூடாது என்றுதான் நினைத்தேன், நிஜம்.

கருப்பண்ண மாமா என் கையைத் தடுத்தார். தம் அரிவாளைத் தரையில் வைத்தார். "எங்க புள்ள களத்துல இருக்கக்கூடாதுன்னா நாங்களும் இருக்கலிங்க. வூட்டுக்குக் கெளம்புறோம்" என்றார். குரல்கூட உயரவில்லை. இருசம்மாள் அக்கா வைத்தாள். அப்புறம் ஒவ்வொருவராக எல்லாரும் வைத்தார்கள். பாதி வயல் இன்னும் அறுக்காமல் முற்றிப்போய் நிற்கிறது, காற்றடித்தால் மணி உதிரும். எங்கள் வீடுகளிலோ அடுக்குப் பானை காலி. இரண்டு பக்கமும் நஷ்டம்தான். ஆனாலும் ஒருவரும் அரிவாளைத் தொடவில்லை. நான் கெட்டிக்காரி, வாயாடி என்றெல்லாம் பெயர் வாங்கியவள். இவர்கள் கால் தூசிக்குப் பெற மாட்டேன்.

பண்ணையார் உடையாரே குடையோடு வந்தார். காரியக்காரர் சொன்னதையும் கேட்டார், மாமா சொன்னதையும் கேட்டார். அதற்குள் நாலு ஆடுகள் களத்தில் ஏறி நெல்லில் வாய் வைத்துவிட்டன. நாங்கள் எல்லாம் ஒதுங்கி நிற்கிறோம், விரட்ட ஆள் இல்லை. பூங்காவனம் வாயைத் திறந்து ஒரு சத்தம் போட்டாள் பாருங்கள். உங்களுக்குத் தெரியுமே அந்தச் சத்தம், வீட்டில் தூங்குகிறவர்களை எழுப்பும் சத்தம். ஆடுகள் துள்ளி விழுந்து ஓடின. உடையாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்கக் காரியக்காரரை ஒரு அதட்டு அதட்டிவிட்டு, வேலையைப் பாருங்கள் என்று சொல்லிப் போய்விட்டார்.

அன்றிலிருந்து களத்துக் காவல் அவள்தான். ஆடு, காக்கை எதுவும் கிட்ட வருவதில்லை. பெரியம்மாள் களத்தின் அந்தப் பக்கம் இருந்து "ஆத்தா, வருது பாரு" என்று குரல் கொடுத்தால் போதும், கழுத்தைத் திருப்பித் தேடுகிறாள்.

நமக்குப் பிறகு பிள்ளைக்கு யார் என்று கேட்டீர்கள். எனக்கும் அந்தப் பயம் உண்டு. உங்களைவிட எனக்கு அதிகம் என்றே சொல்வேன். பயத்தை நீங்கள் எழுதினீர்கள், நான் எழுதவில்லை.

வேம்பு


பெரம்பலூர்
6-2-1945

அன்புள்ள வேம்புவுக்கு,

உன் கடிதத்தைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினேன். ஆடு துள்ளி ஓடிய இடத்தில் வகுப்பே எழுந்து நின்றுவிட்டது. என் மனம் மட்டும் மாமா அரிவாளைக் கீழே வைத்த இடத்திலேயே நின்றுவிட்டது. கருப்பண்ண மாமாவை எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். கையெழுத்துப் போடத் தெரியாத மனுஷர் என்று ஒரு இளக்காரம் எனக்கு உண்டு. அவரைப் பார்த்தால் நான் எழுந்து நிற்பேன், இனிமேல்.

விடுதியிலிருந்து நினைவூட்டி எழுதியிருக்கிறார்கள். மாசி பிறக்க ஒரு வாரம்கூட இல்லை.

நேற்று சூப்பர்வைசர் வந்தார். வெள்ளைச்சாமியைக் காட்டி, "இவன் யாருய்யா, பேரு என்ன?" என்று என்னைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பயல் சொல்கிறான்: "என்னயக் கேளுங்க சார். நான்தான் இங்கயே உக்காந்திருக்கேனே." நான் நடுங்கிப் போனேன். சூப்பர்வைசர் அவன் பக்கம் திரும்பினார். பிறகு அவனையே பெயர் கேட்டார், வாய்ப்பாடு கேட்டார். போகும்போது, பதிவேட்டில் சேர்க்க மேலே எழுதிக் கேட்கிறேன், அதுவரைக்கும் உட்காரட்டும் என்றார். நல்ல மனிதர்.

அவர் போன பிறகு, "என்னயக் கேளுங்க" என்ற அந்தச் சொல் என்னை விடவில்லை. விடுதியில் இடம் கேட்டபோது பூங்காவனத்தைப் பற்றி எல்லாம் சொன்னேன். கை எப்படி, கால் எப்படி, என்ன தின்பாள், எப்படித் தூங்குவாள். நீயும் நானும் மாறி மாறி எழுதிக்கொள்கிறோம். அனுப்பலாம் என்கிறேன், கூடாது என்கிறாய். அவளைக் கேட்டோமா? கேட்டால் சொல்லத் தெரியாது என்று நான் இருந்துவிட்டேன். உனக்கு அவள் பாஷை தெரியும்.

அவளைக் கேள். ஒரு பக்கமாகச் சொல்லாதே, விடுதியின் நல்லதையும் சொல். கட்டில் உண்டு, எழுத்து உண்டு, அவளைப் போன்ற பிள்ளைகள் உண்டு, நாம் இருக்க மாட்டோம். எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கேள். என்ன சொல்கிறாளோ அதற்கு நான் கட்டுப்படுகிறேன். நீயும் கட்டுப்பட வேண்டும்.

ராசாங்கம்


திருமழபாடி
9-2-1945

பூங்காவனத்தின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கூலி அளக்கிற அன்றைக்கு வந்தது. கடைசி வரி வரைக்கும் படித்தேன். போகிறேன் என்று சொல்லிவிட்டால்? கேட்காமலே இருந்துவிடலாமா, கடிதம் வரவில்லை என்று சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். கருப்பண்ண மாமாவிடம் போய்ச் சொன்னேன். அளந்து முடியட்டும் என்றார்.

ஒவ்வொருவருக்காக அளந்தார்கள். பெரியம்மாளுக்கு முழுப் பங்கு. அறுத்தவர்கள் யாருக்கும் குறையவில்லை, பேச்சு மாறவில்லை. எல்லாருக்கும் அளந்து முடிந்தது என்று நினைத்தேன். மாமா மரக்காலைக் கீழே வைக்காமல் பூங்காவனத்துக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். ஒரு துணியை விரித்து, அரைப் பங்கு அளந்து போட்டார். களத்துக் காவல் கூலி. கூட்டத்தில் இளவட்டங்களுக்குக் கொடுக்கிற அதே அளவு, ஒரு மணி கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

பிறகு அவளிடமே பேசினார். "ஆத்தா, நீ இப்ப பங்குக்காரி. பங்குக்காரியக் கேக்காம கூட்டம் எதையும் முடிவு பண்றதில்ல. உங்க அப்பா ஒன்னு கேட்டிருக்காரு, அம்மா சொல்லுவா. நல்லாக் கேட்டுக்க" என்றார்.

அவள் ஆமாம் என்றால் கண்ணை இறுக மூடுவாள். வேண்டாம் என்றால் நாக்கை நீட்டுவாள். வேப்பெண்ணெய் ஊற்ற வரும்போது நீங்கள் பார்த்திருப்பீர்கள். எல்லாப் பெண்களும் சுற்றி உட்கார்ந்தார்கள். நான் ஒளிக்கவில்லை. கட்டிலைச் சொன்னேன், எழுத்தைச் சொன்னேன், பிள்ளைகளைச் சொன்னேன். நாங்கள் இருக்க மாட்டோம் என்பதையும் சொன்னேன். போகிறாயா என்று கேட்டேன். நாக்கு நீண்டது. எனக்கு உயிர் வந்தது.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் எழுத்து என்று சொன்னபோது அவள் முகம் வேறு மாதிரி ஆனதை நான் பார்த்துவிட்டேன். படிக்க வேண்டுமா என்று கேட்டேன். கண்ணை மூடினாள். சும்மா மூடவில்லை, நெற்றியெல்லாம் சுருங்க இறுக்கி மூடினாள். வெள்ளைச்சாமி அப்பாவிடம் படிக்கிறானே, அந்த மாதிரியா என்று கேட்டேன். திறக்காமல் அப்படியே மூடிக்கொண்டிருந்தாள். போதும் ஆத்தா, புரிந்துவிட்டது என்று பெரியம்மாள் கன்னத்தைத் தட்டிய பிறகுதான் திறந்தாள்.

அவளுக்குப் படிப்பு வேண்டும் என்று நினைத்தவர் நீங்கள்தான். நான் அதை நினைத்ததே இல்லை. தூக்கி வைத்துக்கொண்டால் போதும் என்று இருந்துவிட்டேன். நீங்கள் வேறு ஊரில் தேடினீர்கள். அவள் உங்களிடம் கேட்கிறாள்.

நமக்குப் பிறகு யார் என்ற கேள்வியை மாமாவிடமும் கேட்டுவிட்டேன். "பங்கு வாங்குன புள்ள கூட்டத்துப் புள்ள. ராசாங்கம் இல்லன்னா கூட்டம் இல்லாமப் போயிடுமா" என்றார். இது சாசனம் இல்லை. ஆனால் அரிவாளைக் கீழே வைத்தவர் சொன்னது.

இன்னும் ஒன்று. முதல் கூலி நெல்லை வீட்டு ஆண்பிள்ளை தலையில் சுமந்து வாசல்படி தாண்ட வேண்டும் என்பது நம் வழக்கம். மாமா சுமக்கிறேன் என்று மூட்டையில் கை வைத்தார். ஆடு விரட்டும் அதே சத்தம் போட்டாள். இருசம்மாள் அக்கா போனாள், அதே சத்தம். யாரையும் தொட விடவில்லை. அப்பா வரட்டுமா என்று கேட்டேன். கண்ணை மூடினாள்.

உங்களுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது, சட்டை போட்ட வாத்தியார் மூட்டை தூக்குவது கஷ்டம், எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியவில்லை.

வேம்பு


பெரம்பலூர்
12-2-1945

அன்புள்ள வேம்புவுக்கு,

விடுதிக்கு எழுதிவிட்டேன். அந்த இடத்தை வேறொரு பிள்ளைக்குக் கொடுத்துவிடுங்கள், எங்கள் மகள் உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள் என்று எழுதினேன். எழுதி முடித்து, பிழை இருக்கிறதா என்று திரும்பப் படித்தேன். அந்த வாக்கியத்தைப் படித்தபோது கண் கலங்கிவிட்டது.

எனக்குப் பயம் போய்விடவில்லை. அவளுக்கு எப்படி எழுத்துச் சொல்லிக்கொடுப்பது என்றும் தெரியவில்லை. கண்ணை மூடியும் நாக்கை நீட்டியும் அவள் உங்கள் கூட்டத்துக்கே தன் பாஷையைக் கற்றுக்கொடுத்திருக்கிறாள். எனக்கும் கற்றுக்கொடுப்பாள் என்று நம்பி ஆரம்பிக்கப் போகிறேன்.

நாளை மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை. காலையில் கிளம்புகிறேன். வாத்தியார் வேலை கிடைத்த நாளிலிருந்து நான் தலையில் எதையும் சுமந்ததில்லை. என் தகப்பன் சுமந்தது போதும் என்று ஒரு வீம்பு. அரியலூர் கடைத்தெருவில் சூப்பர்வைசர் பார்ப்பார், என்னோடு படித்தவர்கள் பார்ப்பார்கள். பார்க்கட்டும். யார் நெல் என்று கேட்பார்கள். என் மகள் சம்பாதித்தது என்று சொல்வேன்.

மூட்டையை யாரும் தொட வேண்டாம். நான் வருகிறேன்.

ராசாங்கம்